டேங்க் உயரத்தைப் பார்த்து டிரிப்பர் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாடித்தோட்டத் தக்காளிக்குச் சொட்டுநீர் கிட் (குழாய்களும், தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர்களும் கொண்ட தொகுப்பு) கேட்டால், எத்தனை செடிப் பைகள் என்று மட்டும்தான் கடைகளில் விசாரிக்கிறார்கள். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். மாடிப்படி அறையின் மேலுள்ள டேங்கின் நீர்மட்டம் செடிகளைவிட 3 மீட்டர் உயரம் என்றால், கிடைப்பது 0.3 பார். எல்லா இடத்திலும் ஒரே அளவு சொட்டும் என்று கூடுதல் விலைக்கு விற்கும் பி.சி. (அழுத்த மாற்றத்தை ஈடுகட்டும்) டிரிப்பர்களில் பலவற்றுக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும். அழுத்தம் கூட்டும் மோட்டார் இல்லாத வீட்டில் அவை வீண்செலவு. சாதாரண 4 லிட்டர் டிரிப்பரே போதும். ஆனால் மணிக்கு 4 லிட்டர் என்பது 1 பார் அழுத்தத்துக்குரிய கணக்கு, 0.3 பாரில் 2 லிட்டருக்குச் சற்று மேல்தான் சொட்டும். நேரம் வைத்துத் தண்ணீரைத் தானாகத் திறந்து மூடும் டைமரிலும் இதே சிக்கல் உண்டு. சோலினாய்டு (மின்காந்த வால்வு) வகையில் பல, அழுத்தம் குறைந்தால் சரியாகத் திறந்து மூடுவதில்லை. பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் ball valve) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

20 பைகளுக்கு 16 மி.மீ. கருப்பு லேட்டரல் (பைகளின் ஓரமாக ஓடும் குழாய்), அதிலிருந்து பைக்குப் போகும் 4 மி.மீ. மைக்ரோ டியூப், 120 மெஷ் (சல்லடைக் கண் அளவு) பில்டர், குழாய் முனையை மூடும் எண்ட் கேப், பைக்கு இரண்டு டிரிப்பர் வேண்டும். ஏன் இரண்டு? தேங்காய் நார்க்கழிவு கலந்த மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் பெரும்பாலும் கீழே இறங்கிவிடலாம். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, எதிரெதிராகக் குத்துங்கள். பத்துப் பைகளுக்குக் குறைவென்றால் பூவாளியே போதும்.

மாட்டியதும் முதல் பையிலும் கடைசிப் பையிலும் ஒரு டிரிப்பரின் கீழ் டம்ளர் வைத்து 15 நிமிடம் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், லேட்டரலை இரண்டாகப் பிரித்து நடுவிலிருந்து தண்ணீர் விடுங்கள். காய்க்கும் செடிக்குக் கோடையில் நாளொன்றுக்கு சுமார் 2 லிட்டர். காலையில் பாதி, மாலையில் பாதி.

ஒருநாள் காய்ந்து மறுநாள் ஊறினால் தக்காளி வெடிக்கும். காயின் அடியில் காசளவு கருப்புத் திட்டு தோல்போல அமுங்கியிருந்தால், அது பெரும்பாலும் பூச்சியும் அல்ல, பூஞ்சையும் அல்ல. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. தண்ணீர் தடைபட்டால் அதுவும் தடைபடும். முட்டை ஓடு போட்டு மட்டும் இது தீராது.

போர்வெல் தண்ணீரில் டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு கட்டும். கழற்றி, வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் கரையும். வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவி, எண்ட் கேப்பைத் திறந்து தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். பஞ்சகவ்யத்தைக் குழாயில் விடவே வேண்டாம், கசடு அடைத்துக்கொள்ளும், கையால் ஊற்றுங்கள்.

எத்தனை பாரில் எவ்வளவு சொட்டும் என்பதைக் கிட் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட, தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்கள்,
திருச்சி.