துணை விமானியின் சொல்லுக்கும் ஒரு பிரைவேட் நம்பர் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். விமானம் ஓட்டுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால், ஒருவர் சொன்ன சொல் மற்றவர் காதில் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதே முப்பது ஆண்டுகளுக்கு மேல் என் பிழைப்பாக இருந்தது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் நிலத்தின் விலைதான் பேச்சாக இருக்கிறது. என் கவலையோ, தரையிறங்கும் கடைசி நிமிடங்களில் விமானி அறைக்குள் நடக்கிற பேச்சைப் பற்றியது.

ரயில்வேயில் 'பிரைவேட் நம்பர்' என்றொரு வழக்கம் உண்டு. வண்டி வருகிறது, கேட்டை மூடு என்று லெவல் கிராசிங்கில் இருக்கும் கேட்கீப்பருக்குத் தொலைபேசியில் சொல்வோம். அவர் மூடிவிட்டு, தன்னிடமுள்ள தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிடுவார். நாங்கள் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். அந்த எண் எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, ஊகிக்கவும் முடியாது. 'சரிங்க சார்' என்ற சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், மழை பெய்த ஓர் இரவில், சக ஊழியர் ஒருவரோடு அரியர்ஸ் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது; கேட் திறந்திருந்தாலும் சிக்னல் இறங்கிவிடும். 'போட்டாச்சுங்க சார்' என்று குரல் வந்தது. நான் பேச்சை விடாமலே, வண்டியை விடுவதற்காகச் சிக்னல் இறக்கக் கையை நீட்டினேன். பதிவேட்டில் எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. நம்பர் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'ஒரு நிமிஷம் சார், கரும்பு டிராக்டர் ஒண்ணு தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு' என்றார். போட்டாச்சு என்று அவர் சொன்னது, போட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில். அவர் சொன்னதில் தவறு பாதி என்றால், நான் கேட்டதில் தவறு பாதி. அந்தக் காலிக் கட்டம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என் மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை.

வேலை நேரத்துப் பேச்சு விமானி அறையில் என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்தது 1974 செப்டம்பர் 11 அன்று. அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனிக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 212 விமானத்தின் விமானிகள் அரசியலையும் பழைய கார் விற்பனையையும் பற்றிப் பேசிக்கொண்டே உயரத்தைக் கவனிக்கத் தவறினார்கள். 72 பேர் இறந்தார்கள். அதன்பின் 1981இல், 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் விமானத்தை இயக்குவதற்குத் தேவையற்ற பேச்சோ வேலையோ கூடாது என்ற விதி அங்கே வந்தது; இன்று அது உங்கள் விதிகளிலும் இருக்கிறது. எங்கள் அரசுப் பேருந்தில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது அதன் பொருள் எல்லோருக்கும் தானாகவே புரிந்துவிடும்.

ஆனால் பேசக்கூடாததைப் பேசாமல் இருப்பது மட்டும் போதவில்லை. 1989 பிப்ரவரி 19 அன்று, கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்திடம், 2,400 அடிக்கு இறங்கு என்று சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர் 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார். விமானிகளின் காதில் அந்த 'டூ', 'அந்த உயரத்துக்கு' என்ற பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. ஆகவே 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் என்னை உறுத்துவது, அவர்கள் 'ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று திருப்பிச் சொல்லவும் செய்தார்கள் என்பதுதான். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள். திருப்பிச் சொல்வது சடங்காகிவிட்டால், அது எங்கள் 'சரிங்க சார்' போலத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இம்மடலை எழுதவைத்ததும் அதுவே. 2010 மே 22 அன்று மங்களூரில் விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியபோது, துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று, அதாவது இறங்காமல் மேலெழுந்து மறுபடி வரலாம் என்று, ஒருமுறை அல்ல, மூன்று முறை சொன்னார். பயணத்தில் பெரும்பகுதி தூங்கிவிட்டு எழுந்திருந்த தலைமை விமானி கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித் தரை தொட்ட விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில், அதே சொல்லைத் துணை விமானி சொன்னார். அங்கும் விமானம் ஓடுபாதையின் பாதிக்கு அருகில்தான் தரை தொட்டது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் சொல் காதில் விழாமல் போகவில்லை. தெளிவாகச் சொன்ன சொல், சொன்னவர் இளையவர் என்பதால் குறைத்து எடைபோடப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் துறையில் கேட்கீப்பர் சம்பளத்தில் என்னைவிடக் கீழே. ஆனால் அவர் எண் தராமல் என்னால் வண்டியை விட முடியாது.

ஆகவே, துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றால் தலைமை விமானி அதை மறுபேச்சின்றி நிறைவேற்ற வேண்டும் என்ற நடைமுறை ஏட்டில் இருந்தால் போதாது. சிமுலேட்டரில் மூத்தவர் வேண்டுமென்றே காதில் வாங்காதபோது இளையவர் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். நிலைப்படாத அணுகலோடு, அதாவது உயரமும் வேகமும் சரியாக அமையாமல், இறங்கிய விமானம் பத்திரமாக நின்றுவிட்டாலும், இளையவர் வாய் திறந்தாரா, திறக்கவில்லையென்றால் எதற்குப் பயந்தார் என்று, தண்டிக்கும் நோக்கமின்றி விசாரியுங்கள்.

பயணிகளான எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. ஒருமுறை பெங்களூருவில் நான் வந்த விமானம் தரையை நெருங்கி, திடீரென இரைச்சலோடு மேலெழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர், 'இறங்கக்கூடத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வெக்கிறாங்க' என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அறிவிப்பு வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது, அதுவும் மன்னிப்புக் கேட்கும் தொனியில். ஓசூரில் விமானங்கள் இறங்கத் தொடங்கும் நாளிலாவது, 'பாதுகாப்புக்காக மறுபடி ஒரு சுற்று வருகிறோம்' என்று மன்னிப்புக் கேட்காமல் தமிழில் சொல்லும்படி விமான நிறுவனங்களுக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
தருமபுரி மாவட்டம்.