சிவப்புக் கிளிப்புக்குப் பூச்சியம்

பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ஆரம்ப சுகாதாரத்தில் ஆராய்ச்சி செய்யும் விரிவுரையாளர் நான்.

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கிளினிக் நாளில் ஒரு அம்மா, ஷொப்பிங் பையில் சுற்றிய கொப்பியை நீட்டினார். பிறஷர் 160/100. போன மாதம் 158/96. அதற்கு முதல் மாதம் 164/100. மூன்றுக்கும் எதிரே ஒரே சொல்: 'ரிப்பீட்'. அதே குளிசை, அதே அளவு. "ஒழுங்காத்தான் போடுறன் டொக்டர்" என்றார் அம்மா. டொக்டரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. பகல் பன்னிரண்டுக்குள் நூறு பேருக்கு மேல் பார்ப்பவர் எங்கே பழைய பக்கத்தைப் புரட்டுவது?

மருந்து இருக்கிறது. எப்போது அளவைக் கூட்ட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்த விஷயம் ஏன் அந்தக் கொப்பிவரை வந்து சேரவில்லை என்று தேடுவதைத்தான் நடைமுறைப்படுத்தல் விஞ்ஞானம் என்கிறோம். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. புது மருந்து எதுவும் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருந்த சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பிறஷர் பார்த்தார்கள், டொக்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில், வழமையான சிகிச்சையில் இருந்தவர்களைவிட மேல் பிறஷர் சராசரியாக 5.2 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தது.

நாங்கள் செய்தது அதைவிடச் சின்ன வேலை. 140க்கு மேல் இருந்தால் தாதி கொப்பியில் ஒரு சிவப்புக் கிளிப் போடுவார், அவ்வளவுதான். முதல் வாரமே பாதிக் கிளிப்புகள் கொப்பியோடு வீட்டுக்குப் போய்விட்டன! அப்புறம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு பால்மா டின் வைத்து, கிளிப்பைக் கழற்றி அதில் போடச் சொன்னோம். 'ரிப்பீட்' மெல்லக் குறைந்தது. பிறகு அந்தத் தாதிக்கு இடமாற்றம் வந்தது. கிளிப்பும் நின்றது.

என் விண்ணப்பத்தைப் பார்த்த குழு, இது நிர்வாக வேலை, ஆராய்ச்சி இல்லை என்றது. கட்டுரைகளுக்குப் புள்ளி, கிளிப்புக்குப் பூச்சியம். சரி, கிளிப்புக்குப் புள்ளி கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு ஆள் போனதும் ஏன் எல்லாம் நின்றது என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அந்த எட்டுப் பக்கத்தை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

சுகாதாரத் திணைக்களத்துக்குக் கொடுக்கும் இப்படியான அறிக்கைகளையும் ஆய்வாக வாசித்துப் புள்ளி இடுங்கள். வாசிக்க, கிளினிக்கில் வேலை செய்த ஒருவரைக் குழுவில் சேருங்கள்.

கிண்ணியாவைச் சேர்ந்த என் மாணவி ஒருவர், இந்தத் துறைக்கு வரலாமா என்று போன மாதம் கேட்டு எழுதியிருந்தார். இன்னும் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு விரிவுரையாளர்
திருகோணமலை