“வெயிலென்றால் அப்படித்தான்” என்ற பதிலை என்னால் ஏற்க முடியாது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: வெப்பமான நேரத்தில் டர்போ இன்ஜின் இழுவை இழப்பதும், 4 முறை காட்டியும் சரிசெய்யப்படாததும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் டர்போ பெட்ரோல் காரை வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. கடந்த 3 மாதங்களில் அதை ஓட்டிய நேரத்தைவிட, உங்கள் சர்வீஸ் சென்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம்.

விடியற்காலையில், காற்று 20 டிகிரியில் இருக்கும்போது, இந்தக் கார் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே பாய்கிறது. பிற்பகலில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால், அதே மேம்பாலத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினாலும் மூச்சு வாங்குகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிவதில்லை. விளக்கு எரியாததால் பழுதே இல்லை என்று முதல் இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது முறையை நான் மறக்கவே மாட்டேன். வெயில் உச்சத்தில் இருக்கும்போது கொண்டுவரச் சொன்னது உங்கள் ஆட்கள்தான். அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்து, பிற்பகல் 1 மணிக்குக் காரை ஒப்படைத்தேன். அதை நிழலில் நிறுத்தி வைத்திருந்து, மாலை 6:30 மணிக்குக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிய பிறகு ஓட்டிப் பார்த்து, “குறை எதுவும் காணப்படவில்லை” என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் தணியும்வரை நோயாளியைக் காக்கவைத்துவிட்டு, உடம்பு சுடவில்லையே என்று சொல்லும் வைத்தியம் இது.

நான்காவது முறை பேசிய ஆலோசகர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “வெயிலென்றால் டர்போ வண்டி அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் ராத்திரியில் ஓட்டுங்கள்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பது எனக்கும் தெரியும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை 20 டிகிரியில் சுமார் 1.20 கிலோ, 40 டிகிரியில் சுமார் 1.13 கிலோ. குறைவது ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதிலும் ஒரு பகுதியைக் கூடுதலாக அழுத்தி ஈடுகட்டத்தானே டர்போ இருக்கிறது? அழுத்தப்படும் காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகக்கூடும் என்பதால்தான் அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைத்திருக்கிறீர்கள். அது தன் வேலையைச் செய்யாவிட்டால், எரிபொருள் நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டாமல் (நாக்கிங்) இருக்க, காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, டர்போ அழுத்தத்தையும் குறைத்துவிடும். இதையெல்லாம் உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே நான் எழுத வேண்டியிருப்பதுதான் வேதனை.

காரின் கணினி பதிவுகளைப் படிக்கும் நண்பரின் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். வெளியே 38 டிகிரி. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம் சீராக ஓட்டிய பிறகும் இன்ஜினுக்குள் நுழையும் காற்று 74 டிகிரி. நெரிசலில் நின்றிருந்தால், இன்டர்கூலர் மீது காற்றோட்டம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஓடும் வண்டிக்கு என்ன சமாதானம்? அந்த வெப்பத்தை அளக்கும் சென்சார் மீதும் பழிபோட வேண்டாம்: இரவு முழுவதும் நின்ற காரில், இன்ஜினை இயக்கும் முன் அது வெளிக்காற்றின் 21 டிகிரியைச் சரியாகவே காட்டியது. ஆகவே இன்டர்கூலர் அடைத்திருக்க வேண்டும், அல்லது காற்று செல்லும் ஏதோ ஒரு ஹோஸில் (குழாயில்) கசிவு இருந்து, அதை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறி உழைத்துக் காற்றை மேலும் சூடாக்கிக்கொண்டிருக்க வேண்டும். என் 4 ஜாப் கார்டுகளிலும் இன்டர்கூலர் என்ற சொல்லே இல்லை.

இந்த அலைச்சலில் என் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இந்தக் காரின் ஆயுளில் பாதியே வீணாகிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பொறியாளர்கள் மீது எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. தயவுகூர்ந்து இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் அழுத்தச் சோதனை செய்து, முடிவை எழுத்தில் தாருங்கள். 7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ஜாப் கார்டுகளோடும் ஸ்கேனர் பதிவுகளோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குச் செல்வேன்.

காரை மீண்டும் பிற்பகல் 2 மணிக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன். இம்முறை 2 மணிக்கே, நானும் பக்கத்து இருக்கையில் இருக்கும்போது, ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்