தோப்பை ஒற்றிக்கு வைக்க வேண்டாம்

பஃபலோ, நியூயார்க், அமெரிக்கா
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நேந்திரங்காய் சிப்ஸ் ஒன்றுகூட நொறுங்கவில்லை, மைனி போட்ட நாரங்காய் ஊறுகாய் மட்டும் மூடி வழியே கொஞ்சம் கசிந்திருந்தது. உங்கள் கடிதத்தை அன்றைக்கே நாலு தடவை வாசித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கும் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன், அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பார்கள், நீங்கள் எழுதிய விஷயத்தை அம்மா காதில் விழ பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஏஜென்ட் விஷயத்தை நீங்களும் மைனியும் நம் தங்கச்சி பாப்பாவும் மட்டும் வாசியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு குடோன் வேலை நைட் ஷிப்டுதான், எனக்கும் நைட் என்பதால் பையனை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்கிற மாதிரி நாட்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். குளிரைப் பற்றி அம்மா கேட்டார்கள். காலையில் மைனஸ் 15 இருந்தது. ஈரி ஏரிக்கு மேல் வருகிற காற்று தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து இந்த ஊர் மேல்தான் பனியாகக் கொட்டும், ஏரி முழுக்க உறைந்த பிறகுதான் கொஞ்சம் ஓயும். நாங்கள் வந்த வருடம், 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த பனிப்புயலில் இந்தப் பக்கம் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், ரோட்டில் வண்டியே ஓட்டக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள், நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே படுத்து எழுந்து டியூட்டி பார்த்தேன். அப்போது உங்களிடம் சொல்லவில்லை. இப்போது பழகிவிட்டது, கனமான கோட்டு இருக்கிறது. சர்ச்சில் ஒரு அம்மா கொடுத்தது, புதுசு மாதிரியேதான் இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பாட்டியைப் பற்றி மைனி கேட்டிருந்தாள். போலந்துக்காரக் குடும்பம், 81 வயது. தினமும் காலையில் ஒரு மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பனியில் குத்தி, எத்தனை இஞ்ச் என்று சுவர்க் காலண்டரில் எழுதி வைக்கும். புருஷன் செய்துகொண்டிருந்த வேலையாம், அவர் போன பிறகு இவர் விடவில்லை. நான் நைட் முடிந்து வருகிற நேரமும் அதுதான். ஸ்கேலை என்னிடம் காட்டி நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகும். ஈஸ்டருக்கு வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி ஒன்று கொடுத்தது, கண்ணுக்கு மிளகு வைத்திருந்தது. இங்கே அது வழக்கமாம். நான் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன் புளிமுளமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு, குழம்பை மட்டும் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டது, காரம் தாங்கவில்லை. கிழங்கு இங்கே தோல் சீவி உறையவைத்த பாக்கெட்டில் கிடைக்கிறது, நம் தோட்டத்துக் கிழங்கு மாதிரி மாவாக வேகாது.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணா, தயவுசெய்து தோப்பை ஒற்றிக்கு வைக்காதீர்கள். 8 லட்சம் கொடுத்தால் ஒரு வருடத்தில் பாப்பாவை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவேன் என்று அந்த ஆள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அக்காவே போயிருக்கிறாளே என்று என்னையே உதாரணம் காட்டினாராம். என் கதை வேறு. நர்ஸிங் படித்த சான்று கேட்டு கல்லூரிக்கு முதல் கடிதம் போட்டது 2017-ல், விமானம் ஏறியது 2022-ல். அதுவும் அத்தான் குவைத்தில் பிறந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம். க்ரீன் கார்டுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை, எந்த நாட்டில் பிறந்தாய் என்றுதான் பார்ப்பார்கள். கூட வருகிற கணவன் பிறந்த நாட்டு வரிசையில் மனைவியும் நிற்கலாம். மாமா அந்தக் காலத்தில் குவைத்தில் வேலை பார்த்தபோது அத்தை அங்கே பெற்றெடுத்தார்கள், 1990-ல் சதாம் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தபோது கையில் கொண்டுவந்த நாலு காகிதத்தில் அந்தப் பிறப்புச் சான்றிதழும் ஒன்று. அந்த ஒரு தாள்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. அது இல்லையென்றால் நான் இந்திய வரிசையில் நிற்க வேண்டும், அங்கே பத்து வருடத்துக்கு முன்னால் மனுப் போட்டவர்களே இன்னும் காத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் கொடுக்கிற மொத்தத்தில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் என்று சட்டம். பாப்பா பிறந்தது நாகர்கோவிலில். எந்த ஏஜென்டாலும் அதை மாற்ற முடியாது. ஹெச்1பி விசா வாங்கித் தருகிறேன் என்று சொன்னாலும் நம்பாதீர்கள், அது பட்டப்படிப்பு கட்டாயமான வேலைக்குத்தான், இங்கே இரண்டு வருட டிகிரியோடு வார்டு நர்ஸ் ஆகிவிடலாம் என்பதால் சாதாரண நர்ஸ் வேலைக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

நல்ல ஏஜென்சி நர்ஸிடம் பணம் கேட்காது, ஆஸ்பத்திரியிடம்தான் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக ஒப்பந்தம் எழுதி வாங்கும். நான் கையெழுத்துப் போட்டபோது எல்லாப் பக்கமும் வாசிக்கவில்லை. மூன்று வருடத்தை மணிக்கணக்கில் எண்ணுவார்கள், ஓவர்டைம் சேராது, பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் பின்பக்கங்களில்தான் இருந்தது. எனக்கு வருகிற மே மாதத்தோடு முடிகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. பாப்பா எதில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

பாப்பா, இது உனக்கு. நீ வரவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நர்ஸ் லைசென்ஸ் வேறு, விசா வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. லைசென்ஸை நீ அங்கே இருந்துகொண்டே உன் கையால் வாங்கிவிடலாம். இங்கே நாடு முழுக்க ஒரு லைசென்ஸ் கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கும், முதலில் எந்த மாநிலம் என்று முடிவு செய். நான் நியூயார்க் எடுத்தேன், இங்கே அதைக் கொடுப்பது கல்வித் துறை, நான் கட்டியபோது 143 டாலர். அப்புறம் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள சிஜிஎஃப்என்எஸ், இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அவர்கள் உன் படிப்பைச் சரிபார்ப்பார்கள். மார்க்‌ஷீட்டை நீ அனுப்பினால் செல்லாது, கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், சென்னை நர்ஸஸ் கவுன்சிலும் உன் பதிவை நேராகச் சொல்ல வேண்டும். மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று எழுதித் தர வேண்டும். எனக்கு மாதங்கள் போனது இதில்தான். கல்லூரி ஆபீசில் என் பாரம் நாலு மாதம் ஒரு மேஜையிலேயே கிடந்தது, நீ வாரம் ஒரு தடவை நேரில் போய் நில். மைனியின் அக்காள் மகள் ஜிஎன்எம் என்கிற நர்ஸிங் டிப்ளமாதானே, அவளும் இதைச் செய்யலாம். துணை நர்ஸ் படிப்பான ஏஎன்எம் மட்டும் என்றால் முடியாது.

பிறகு என்கிளெக்ஸ், லைசென்ஸுக்கான பரீட்சை. 200 டாலர், வெளிநாட்டில் எழுத இன்னொரு 150. நான் 2019-ல் சென்னையில் எழுதினேன், அப்போது 75-லிருந்து 265 கேள்வி வரை. இப்போது 85-லிருந்து 150 வரை, ஐந்து மணி நேரம். நீ சரியாகச் சொல்லச் சொல்ல கேள்வி கடினமாகிக்கொண்டே போகும், முடிவு தெரிந்ததும் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடும். எனக்கு 75-ல் நின்றது, பெயிலாகிவிட்டேன் என்று நினைத்து எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மதுரை வரை அழுதுகொண்டே வந்தேன். மனப்பாடம் உதவாது. நாலு நோயாளி இருக்கிறார்கள், யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்பார்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியின் முழு விவரத்தையும் கொடுத்து அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். இங்கிலீஷ் பரீட்சை விசாவுக்காக, விசாவுக்குக் காட்ட வேண்டிய விசா ஸ்க்ரீன் என்ற சான்றிதழுக்கு வேண்டும். நான் எழுதியபோது ஐஇஎல்டிஎஸ்-ல் மொத்தம் 6.5, பேச்சில் மட்டும் 7. முதல் தடவை பேச்சில் எனக்கு 6.5 தான் வந்தது. விசா ஸ்க்ரீன் சான்றிதழ் ஐந்து வருடம்தான் செல்லும், அதனால் அதை இப்போதே எடுத்து வைக்காதே. என்கிளெக்ஸ் பாஸ் ஆனால் அது வீணாகாது, கனடாவில் 2015-லிருந்து இதே பரீட்சைதான், ஆஸ்திரேலியாவும் இதைத்தான் கேட்கிறது. அங்கே பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதையும் யோசி.

பரீட்சைப் பணம் நான் அனுப்புகிறேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாரம் மூன்று நாள் 12 மணி நேர டியூட்டி, விருப்பப்பட்டால் கூடுதலாகப் போகலாம், நான் ஐந்து நாள் போகிறேன், பழகிவிட்டது. போன மாதப் பணம் தாமதமானது பேங்கில் ஏதோ கோளாறு, இந்த மாதமும் பதினைந்து தேதி ஆகலாம், வேறொன்றும் நினைக்காதீர்கள்.

வேலை பிடித்திருக்கிறது, அண்ணா. நாகர்கோவிலில் எனக்கு ஒரு ராத்திரியில் முப்பது நோயாளி, இங்கே ஐந்து அல்லது ஆறு. ஆனால் நோயாளிக்குத் துணையாக உட்காருகிற பைஸ்டாண்டர் கிடையாது, ஊட்டிவிடுவதும் துடைப்பதும் நம் கையில். டாக்டர் எழுதிய மருந்து தப்பாகத் தெரிந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால்தான் குற்றம். சார் என்று எழுந்து நின்று பழகிய எனக்கு ஆறு மாதம் அதற்கு வாய் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றியிருந்த பேப்பரை எண்ணெய் துடைத்து, விரித்து வைத்து வாசித்தேன். இங்கே தமிழ்ப் பேப்பர் ஏது, ஒரு துண்டு கிடைத்தாலும் விளம்பரம் வரைக்கும் வாசிப்பேன். அதில் கணக்கு டீச்சரின் நீத்தார் அறிவிப்பு இருந்தது, நவம்பரில் போயிருக்கிறார்கள். நர்ஸிங்குக்கு விண்ணப்பம் வாங்க அப்பாவிடம் பணம் இல்லாதபோது ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டு என் கையில் வைத்தது அவர்கள்தான், உங்களுக்கும் தெரியும். யாருமே எனக்குச் சொல்லவில்லையே. மனசு கஷ்டப்படும் என்று விட்டிருப்பீர்கள். கிச்சனில் தரையில் உட்கார்ந்து அழுதேன், அத்தான் வேலைக்குப் போயிருந்தார், பையன் தூங்கிக்கொண்டிருந்தான், வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. நம் ஊரில் ஒரு சாவு என்றால் மணி அடிக்கும், நாலு பேர் வாசலுக்கு வந்து யார் என்று கேட்பார்கள். இனிமேல் எதையும் மறைக்காதீர்கள் அண்ணா, நல்லதோ கெட்டதோ. டீச்சரின் மகள் வீட்டுக்கு மைனியை ஒரு தடவை போய் வரச்சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். கண்புரை முற்ற வேண்டும் என்று காத்திருப்பது பழைய காலம். சர்க்கரையை மட்டும் முன்னாடியே பார்த்துவிடச் சொல்லுங்கள். தென்பக்க வேலிக்காரர் மறுபடி இரண்டு அடி உள்ளே வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து கல் போட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம். பாப்பாவுக்கு வந்த மார்த்தாண்டம் வரனில் பையன் எங்கே பிறந்தான் என்று விசாரிக்கச் சொன்னீர்களாமே, தயவுசெய்து அதற்காகக் கல்யாணம் பேசாதீர்கள். பாப்பாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஏஜென்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இந்தக் கடிதம் வர இரண்டு வாரமாவது ஆகும், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்றைக்கே பாப்பாவின் வாட்ஸப்புக்கும் அனுப்புகிறேன். ஒற்றிப் பத்திரம் எழுத யாராவது வந்தால் எனக்கு மிஸ்டு கால் கொடுங்கள், உங்களுக்குச் சாயங்காலம் ஐந்தரை ஆகும்போது நான் டியூட்டி இறங்குவேன், பஸ்ஸிலிருந்தே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை