பீரங்கிப் படமும் அதன் கீழிருந்த வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்து வந்த கட்டுரையுடன், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் 1864-இல் எடுக்கப்பட்ட ‘டிக்டேட்டர்’ என்னும் 13 அங்குல மார்ட்டர் பீரங்கியின் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். அதன் கீழே, ‘பீரங்கி முழங்கும் வேளையில் மேத்யூ பிரேடி எடுத்த படம்’ என்றிருந்தது. இரண்டுமே தவறு. எடுத்தவர் டேவிட் நாக்ஸ். பீரங்கியும் அப்போது முழங்கவில்லை. சுற்றிலும் இருப்பவர்களைப் பாருங்கள், கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு நிற்பவர்களைப் போல மூச்சடக்கி நிற்கிறார்கள்.

நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால் இதைக் கடந்துபோக முடியவில்லை. என் தந்தை காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் இன்னும் வீட்டில் உள்ளன. அவையாவது பெட்டியாகக் கடையில் வாங்கிய உலர் தகடுகள். 1860-களின் போர்க்களத்திலோ, கண்ணாடியில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் கேமராவில் பொருத்திச் சில நொடிகள் ஒளி காட்டி, உடனே இருட்டறையாக மாற்றிய குதிரை வண்டிக்குள் ஓடிப்போய்க் கழுவியாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் தலையைத் திருப்பியவர் தகட்டில் வெறும் மங்கலாகத்தான் பதிவார். ஓடும் படையையும் பாயும் குண்டையும் அப்படிப் பிடிக்க வழியில்லை.

ஆகவேதான் அன்றைய புகைப்படக்காரர்கள் அசையாதவற்றைத் தேடிப் போனார்கள். கோட்டைச் சுவர், பதுங்குகுழி, குச்சிகளால் பின்னி மண் நிரப்பிய அரண் கூடைகள், வாய் திறந்தபடி ஓய்ந்து கிடக்கும் பீரங்கிகள். அட்லாண்டா வடக்குப் படையிடம் வீழ்ந்த பிறகு ஜார்ஜ் பர்னார்ட் எடுத்த கோட்டைப் படங்களில் மண்மேட்டின் ஒவ்வொரு மரச்சட்டமும் துல்லியமாகத் தெரியும். பீட்டர்ஸ்பர்க்கின் மஹோன் கோட்டை 1865 ஏப்ரல் 2-இல் தாக்கப்பட்டது. தாமஸ் ரோச் மறுநாள்தான் கேமராவுடன் உள்ளே போனார். பதுங்குகுழிச் சேற்றில் கிடக்கும் தென் மாநில வீரர்களை அவர் படங்களில் பார்க்கிறோம். அவை போரின் மறுநாளைக் காட்டும் படங்கள். அவற்றின் கனமும் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1863 செப்டம்பர் 8 அன்று முற்றுகையில் இருந்த சம்டர் கோட்டையிலிருந்து ஜார்ஜ் குக் என்பவர், கடலில் நின்று சுடும் இரும்புக் கவசக் கப்பல்களைப் படமெடுத்தார். தொலைவில் இருந்ததால் படத்தில் கப்பல்கள் சிறியவையாகவும் புகை மங்கலாகவும்தான் தெரிகின்றன. அந்தப் படத்தை வெளியிட்டிருந்தால் தங்கள் வரி ஓரளவு பொருந்தியிருக்கும்.

பிரேடியின் பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. அவரிடம் வேலை பார்த்தவர்களின் படங்கள் பெரும்பாலும் முதலாளி பெயரிலேயே வெளியாயின. அவரை விட்டுப் பிரிந்த அலெக்சாண்டர் கார்ட்னர், 1866-இல் வெளியிட்ட தொகுப்பில் எடுத்தவரின் பெயரைப் படந்தோறும் அச்சிட்டார். அதே கார்ட்னர்தான் கெட்டிஸ்பர்க்கில் ஒரு வீரரின் சடலத்தை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கல்லரணுக்குள் கிடத்திப் படமெடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய போர்ப் படங்களை வெளியிடும்போது எடுத்தவர், இடம், நாள் ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறும், டேவிட் நாக்ஸின் பெயரை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தமாக வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
கும்பகோணம்