மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

உன் பைக்கில் எட்டு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு பேட்டரி போய்விட்டது, மூன்றாவது வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே கண்ணு. சார்ஜிங் ஒழுங்காக இருந்தால் பேட்டரி மூன்று வருடமாவது உழைக்கும். அடுத்தடுத்து இரண்டு போகிறதென்றால் அதைக் கொல்வது வண்டிக்குள் இருக்கும் வேறு ஏதோ ஒன்று. அதை விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் மாற்றிய ஒர்க்ஷாப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி மாற்ற ஐந்து நிமிஷம், குறையைத் தேட ஒரு மணி நேரம். அவசரத்தில் இருக்கிறவர்கள் எதைச் செய்வார்கள் என்று உனக்கே தெரியும்.

அங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கு. விலை உயர்ந்தது வேண்டாம். ஏசி வோல்ட், டிசி வோல்ட், ஓம், டயோடு, 10 ஆம்பியர் டிசி, இவ்வளவும் இருந்தால் போதும். பல்பு வைத்த டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. 12.1 வோல்ட்டிலும் அந்த பல்பு எரியும், 12.8-லும் எரியும், நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

எஞ்சின் ஓடும்போது அதன் பக்கவாட்டு மூடிக்குள் காந்தம் பதித்த ரோட்டர் சுற்றுகிறது. அதன் நடுவே அசையாமல் இருப்பது ஸ்டேட்டர் காயில். அதிலிருந்து வருகிற ஏசி கரண்ட் மூன்று மஞ்சள் ஒயர் வழியாக ரெகுலேட்டருக்குப் போகிறது. நீ அனுப்பிய படத்தில் அந்த மூன்றும் தெளிவாகத் தெரிகிறது. ரெகுலேட்டர் அதை டிசி ஆக்கி, வோல்ட்டேஜை மட்டுப்படுத்தி, பேட்டரிக்கு அனுப்புகிறது. குறை இருந்தால் காயிலில், ரெகுலேட்டரில், நடுவே உள்ள கப்ளரிலும் (ஒயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் செருகி) ஒயரிலும், அல்லது சாவியை அணைத்த பிறகும் யாரோ கரண்ட் உறிஞ்சுவதில். வேறு இடம் கிடையாது.

முதலில் பேட்டரியை வெளியே எடுத்து முழுசாகச் சார்ஜ் போடு. காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கிற ஸ்பேனர் ஃப்ரேமில் பட்ட அந்த நொடியே பொறி பறக்கும். உன்னுடையது 8 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, 0.8 ஆம்பியரில் பத்து மணி நேரம் போடு. கார் பேட்டரி சார்ஜரில் ஒரே மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதே. சீல் வைத்த பேட்டரி உள்ளேயே காய்ந்துபோகும்.

சார்ஜ் ஆனதும் ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அளந்து பார். 12.7-க்கு மேல் நின்றால் நல்லது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 10.5 பக்கம் காட்டினால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அந்த பேட்டரியைத் திரும்ப வண்டியில் மாட்டாதே. வோல்ட் நன்றாக இருந்தால் வண்டியில் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார். 9.5-க்குக் கீழே விழுந்தால், சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட் காட்டினாலும் அதற்குச் சக்தி இல்லை என்று அர்த்தம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல், விடு, பிறகு மெதுவாக 4000, 5000 ஆர்பிஎம் வரை ஏற்று. ஐடிலில் 13-ஐ ஒட்டி இருந்து, ஏற்றும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே போய் நின்றால் சார்ஜிங் சரி. 12.5-லேயே நின்றாலோ, ஏற்ற ஏற்ற இறங்கினாலோ சார்ஜே ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதிக்கும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். அந்த வோல்ட்டில் வண்டியை வெளியே எடுக்காதே.

இன்னொன்று, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. உன் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதே. பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறும். எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ போனால் செலவு பல மடங்கு.

என் சந்தேகம் எங்கே என்று சொல்கிறேன். பேட்டரி ஒரேயடியாகச் சாகாமல், முதல் சில மாதம் ஒழுங்காக இருந்து பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். காயில் முழுசாக எரிந்திருந்தால் இரண்டு நாள்கூட ஓடாது. இது பாதிச் சார்ஜிலேயே காலம் தள்ளுகிற பேட்டரியின் லட்சணம். ரெகுலேட்டர் தன் வாசலில் 14.3 கொடுக்கிறது, ஆனால் நடுவே ஒரு கப்ளர் களிம்பு பிடித்து ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.3 தான். ரெகுலேட்டருக்கு அது தெரியாது. பேட்டரி தினமும் அரைவயிற்றோடு கிடக்கிறது. தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிறது. அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

இதைக் கண்டுபிடிக்க வோல்ட்டேஜ் டிராப், அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட் எரிய, எஞ்சின் 4000-ல் ஓட, மீட்டரின் சிவப்பு முனையை ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் சிவப்பு ஒயரில் வை. கப்ளரைக் கழற்றாதே, பின்பக்கமாக ஒரு குண்டூசியைச் செருகி அதில் தொடு, ஊசி ஃப்ரேமில் படாமல் பார்த்துக்கொள். கருப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வை. இரண்டும் ஒரே ஒயரின் இரண்டு நுனிதானே, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், முக்கால் வோல்ட் காட்டினால் அந்த வழியில்தான் திருடன். இதே மாதிரி ரெகுலேட்டரின் எர்த் ஒயருக்கும் (ஃப்ரேமோடு சேருகிற நெகட்டிவ் பக்க ஒயர்) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பார். பலரும் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை விட்டுவிடுகிறார்கள். பெயின்ட்டுக்கு மேல் இறுக்கிய எர்த் போல்ட், துருப்பிடித்த வாஷர் எல்லாம் இங்கேதான் மாட்டும். டிராப் அதிகமாக இருந்தால் கருப்பு முனையை வழியிலேயே ஒவ்வொரு இணைப்பாக நகர்த்து: கப்ளர், மெயின் ஃப்யூஸ், பேட்டரி டெர்மினல். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுதான். ஃப்யூஸ் ஹோல்டரை மறக்காதே. ஃப்யூஸ் போகாமலே அதன் கால் கருத்து, பிளாஸ்டிக் உருகியிருக்கும்.

மஞ்சள் ஒயர் கப்ளரையும் இழுத்துப் பார். அதில்தான் கரண்ட் அதிகம். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின் மட்டும் கருத்திருந்தால் அங்கே சூடாகிறது. எமரி தாளால் சுரண்டிவிட்டு மறுபடி செருகினால் ஒரு மாதம் ஓடும், திரும்ப அதே கதை. சூடேறிய டெர்மினலின் பிடிமானம் தளர்ந்திருக்கும், அது திரும்ப வராது. கருத்த ஒயரை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி, புது டெர்மினலை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), புது கப்ளர் போடச் சொல். ஜே.சி. ரோட்டில் கப்ளர் செட் கிடைக்கும். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய்தான் போட வேண்டும். இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பிசின் வழிந்து ஒரே மழைக்காலத்தில் கழன்றுவிடும்.

ஒயர் எல்லாம் சரி என்றால் காயிலுக்கு வா. மூன்று மஞ்சள் ஒயர் கப்ளரைக் கழற்று. எஞ்சின் அணைந்திருக்க, காயில் பக்கத்து ஒயர்களை இரண்டிரண்டாக ஓமில் அளந்து பார்: ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று. பெரும்பாலும் 1 ஓமுக்குள் காட்டும், மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சாதாரண மீட்டரின் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் உண்டு. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அந்த எண்ணைக் கழித்துக்கொள். பிறகு ஒவ்வொரு மஞ்சளுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே பார். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது, மேலே பார்க்க வேண்டியதில்லை. இது மூன்று மஞ்சள் ஒயர் வண்டிக்கு மட்டும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் காயிலின் ஒரு முனையே எர்த்தில்தான் இருக்கும். உன் தோழியின் பழைய வண்டியை இப்படிப் பார்த்துவிட்டு காயில் போச்சு என்று சொல்லிவிடாதே.

ஓம் சரியாக இருந்தாலே காயில் சரி என்று முடிவு கட்ட முடியாது. நாலைந்து சுற்று உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவு குறைந்த ஓமில் அது தெரியாது. ஏசி வோல்ட்தான் தீர்ப்பு சொல்லும். கப்ளர் கழன்றபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏசி 200-ல் வைத்து, இரண்டிரண்டு மஞ்சளாக அளந்து பார். பல வண்டிகளில் ஐடிலில் 15 முதல் 20, 5000-ல் 50 முதல் 70 வரை வரும். உன் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் அதைவிட முக்கியம் மூன்று ஜோடியும் ஒரே அளவு வருவது. 55, 54, 31 என்று வந்தால் குறை எங்கே என்று சொல்லத் தேவையில்லை. ஏற்றும்போது முனையைக் கையால் தொடாதே, அந்த வோல்ட் கையை உதறும். இந்தச் சோதனையை ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்னொரு தடவை செய். குளிரில் நல்லபிள்ளையாக இருந்து, சூட்டில் இன்சுலேஷன் விட்டுப்போகிற காயில்கள்தான் மெக்கானிக்கைப் பைத்தியம் பிடிக்க வைக்கும்.

காயிலும் ஒயரும் தேறிவிட்டால் மிச்சம் ரெகுலேட்டர். அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடுகள் இருக்கின்றன. அதைக் கழற்றி மீட்டரின் டயோடு மோடில் பார்க்கலாம்: சிவப்பு முனை மஞ்சளில், கருப்பு முனை பாசிட்டிவ் அவுட்புட்டில் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்டும், முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. மூன்று மஞ்சளுக்கும் இப்படி. சிவப்பு முனையை நெகட்டிவில் வைத்து, கருப்பு முனையால் மஞ்சள்களைத் தொட்டாலும் அதே எண்கள் வர வேண்டும். இரண்டு பக்கமும் ஓடினால் டயோடு ஷார்ட். மிச்சக் கரண்டைத் திருப்பிவிடாமல் வழியிலேயே துண்டிக்கிற சீரிஸ் வகை ரெகுலேட்டரில் இந்தக் கணக்கு ஒத்துவராது. எந்த வகையானாலும் இதில் தேறியது என்பதற்காக வோல்ட்டை மட்டுப்படுத்துகிற பகுதியும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சாதாரணமாக வருகிற ஷன்ட் ரெகுலேட்டர் மிச்சக் கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. தொட்டி நிரம்பினாலும் மோட்டாரை நிறுத்தாமல் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற மாதிரி. அதனால்தான் அது எப்போதும் கொதிக்கிறது. காயிலும் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டே இருக்கிறது. எல்லா பல்பையும் எல்இடி ஆக்கினால் காயிலுக்கு ஓய்வு கிடைக்கும் என்கிறார்களே, இந்த வகையில் அது நடக்காது. பேட்டரிக்கு மட்டும்தான் லாபம். ரெகுலேட்டரின் துடுப்புகளில் சேறு அப்பியிருந்தால் கழுவிவிடு. அதன் முன்னால் காற்றை மறைத்து எதையும் கட்டாதே.

இனி நீ மாட்டியிருக்கும் கூடுதல் சாமான்கள். உன் வண்டி 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது, ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. சில்க் போர்டு சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது காயில் தருவது குறைவு. 35 வாட் ஹெட்லைட் ஒன்றுக்கே சுமார் 3 ஆம்பியர் போகிறது. அதன் மேல் இரண்டு ஃபாக் லைட்டும் போன் சார்ஜரும் ஓடினால் குறைகிற கரண்டை பேட்டரிதான் கொடுக்கும். ஊருக்குள் ஃபாக் லைட்டை அணைத்து வை.

அந்த போன் சார்ஜரை நேரே பேட்டரியில் மாட்டியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, கழற்றிய ஒயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே பிடி. கடிகாரமும் ஈசியூவும் சில மில்லி ஆம்பியர் எடுக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச், நாலு நாள் நீ ஊருக்கு வந்திருந்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. சார்ஜரைப் பிடுங்கிப் பார், ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைனில் தேடு. மீட்டர் இப்படி நடுவே இருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதே, மீட்டர் போய்விடும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி, சார்ஜரை ரிலே (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து சாவி லைனுக்கு மாற்றச் சொல்.

காயில் மாற்ற வேண்டி வந்தால் நீயே செய்யாதே. மூடியைக் கழற்றும்போது காந்தம் இழுக்கும், விரல் நசுங்கும். கேஸ்கெட் புதுசு போட வேண்டும், ஆயில் அளவு பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பார். எடுத்த காயிலில் சில சுற்றுகள் மட்டும் கரியாகி, ஆயிலில் தீய்ந்த வாடை வந்தால் ரெகுலேட்டரையும் கப்ளரையும் கூடவே சோதிக்காமல் புதுக் காயில் போட விடாதே. பெட்டியில் கம்பெனி பெயரை மட்டும் அச்சடித்து விற்கிற போலி ரெகுலேட்டர் நிறைய. பழையதோடு எடை பார். டூப்ளிகேட் பெரும்பாலும் கையில் லேசாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் அந்த வோல்ட்டேஜ் டிராப் இரண்டையும் பார்த்து, சிவப்புக்கு எவ்வளவு, எர்த்துக்கு எவ்வளவு என்று எண்ணாகவே எனக்கு அனுப்பு. "கொஞ்சம் கம்மியா இருக்கு அப்பா" என்று எழுதாதே.

அன்புடன்,
அப்பா