போக்சோ புகார்: கேட்டுப் பெற வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குச் செய்திகளின் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அச்சிடுகிறீர்கள். அழைத்த பிறகு என்னென்ன கேட்டுப் பெறலாம் என்பது தெரியாமல்தான் பல குடும்பங்கள் பாதியிலேயே ஓய்ந்துபோகின்றன.

நடந்ததைக் குழந்தை சொன்னதும் பதற்றத்தில் குளிப்பாட்டி, உடையைத் துவைத்துப் போட்டுவிடுகிறார்கள். கூடாது. உடையைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்திருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுக்கத் தடையில்லை. மருத்துவமனைக்கு மட்டும் தாமதிக்காதீர்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 'போலீஸ் கடிதம் எங்கே' என்று கேட்டுச் சிகிச்சையை மறுக்க 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இடமில்லை.

உறவினர் ஆளாளுக்குக் குழந்தையைத் துருவிக் கேட்பது அடுத்த தவறு. சொல்லச் சொல்ல விவரம் மாறும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் 'சொல்லிக்கொடுத்த வாக்குமூலம்' என்பார்கள். குழந்தை முதலில் சொன்னதை அதன் சொற்களிலேயே தேதியிட்டு எழுதிவைத்தால் போதும். காவல் துறை வாக்குமூலத்தை வீட்டிலேயே பெறலாம். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வர வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல் துறையிடமிருந்து தகவல் போக வேண்டும். போயிற்றா என்று கேளுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால், குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். வெளியேற வேண்டியவர் அவர்தான். ஆனால் நடைமுறையில் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்புவதே சுலபமான வழியாகிவிடுகிறது. குழந்தையின் விருப்பத்தையும் குழு கேட்டாக வேண்டும் என்பதைத் தாய் அங்கேயே வலியுறுத்தலாம்.

வழக்கை உண்மையில் முடக்குவது பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும்தான். உணவு, உடை, போக்குவரத்துக்கான சிறப்பு நிவாரணத்தை நலக் குழு பரிந்துரைக்கலாம்; பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ ரசீது, பள்ளி விடுப்பு, மாற்றுச் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். தொகையை நிர்ணயிக்கும்போது படிப்பு தடைப்பட்டதும் கணக்கில் வரும். விசாரணையிலும் நீதிமன்றத்திலும் உடன்வர 'ஆதரவு நபர்' ஒருவரை நியமிக்குமாறு குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100.

ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வருவார்கள். பாலியல் குற்ற வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் அச்சிடாதீர்கள். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அவற்றையும் தடுக்கிறது.

இப்படிக்கு,
குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர்